பழைய ரீலோடிங் பிரஸ்ஸும் ராமில் ஒட்டியிருந்த கறுப்பு மாவும்

ஹேண்டிலை மேலே தூக்கினால் பாதியில் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் அழுத்தினால் கரகரவென்று ஒரு சத்தம், ஆட்டுக்கல்லில் மணல் விழுந்தது போல. விற்றவர்கள் கேட்டது நாற்பது டாலர். வார்ப்பிரும்பு, வளைய வடிவச் சட்டம், எட்டு ஒன்பது கிலோ எடை. விரிசல் எதுவும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன், இல்லை. வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டேன்.

ஹூஸ்டனில் ஒரு பெரியவர் காலமான பின் அவர் வீட்டுச் சாமான்களைக் குடும்பத்தார் விற்றார்கள். அங்கே கராஜ் மூலையில் கிடந்த, சுட்ட தோட்டாக் கூடுகளைத் திரும்ப நிரப்ப (ரீலோடிங்) உதவும் பிரஸ் இது. எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. இதன் கோளாறு எதுவும் செய்தவர்களால் வந்ததல்ல, பல வருடம் துடைக்காமல் விட்டதால் வந்தது.

இந்தப் பொழுதுபோக்கு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தோட்டாவில் நான்கு பொருள் உண்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் அடிபட்டதும் தீப்பற்றும் சின்ன மூடியான பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. சுட்ட பிறகு மருந்து எரிந்துவிடும், குண்டு போய்விடும், பிரைமர் செத்துவிடும். கூடு மட்டும் மிஞ்சும். நூற்றுக்கு எழுபது செம்பும் முப்பது துத்தநாகமும் கலந்த பித்தளை அது. ஒரு தோட்டாவில் விலை கூடிய பொருள் பெரும்பாலும் அதுதான், பல முறை திரும்பப் பயன்படும். ஆனால் சுடும்போது அழுத்தத்தில் அது துப்பாக்கி அறையின் அளவுக்கு உப்பிவிடும். அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர ‘டை’ என்னும் எஃகு அச்சுக்குள் நெட்டித் தள்ள வேண்டும். அந்த நெட்டுதலைச் செய்வதுதான் பிரஸ். கீழே ‘ராம்’ என்கிற ஒரு அங்குலக் கனத் தண்டு, அதன் தலையில் கூட்டைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர், மேலே மரையில் திருகிய டை. ஹேண்டிலை இறக்கினால் ராம் ஏறும். அதே ஓட்டத்தில் டையின் நடுவிலுள்ள ஊசி செத்த பிரைமரைக் கீழே தள்ளிவிடும்.

அமெரிக்காவில் இது பரவியதற்கு ஒரு காரணம் பிரைமரின் அமைப்பு. பாக்ஸர் வகைக் கூட்டில் அடியில் நடுவே ஒரே துளை, ஊசி நேராக இறங்கித் தள்ளிவிடும். பெர்டான் வகையில் நடுவில் துளை இல்லை, ஓரமாகச் சின்னத் துளைகள்தான், ஊசிக்கு வழி கிடையாது. பாக்ஸர் என்பவர் ஆங்கிலேயர், பெர்டான் அமெரிக்கர். ஆனால் ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவிலும் அமெரிக்கரின் முறை ஐரோப்பாவிலும் நிலைத்தது. பாக்ஸர் முறை இங்கே வேர்விட்டிருக்காவிட்டால் வீட்டு ரீலோடிங் இந்த அளவு வளர்ந்திருக்காது என்றே நினைக்கிறேன். ரீலோடிங் கருவிகள் செய்யும் ஆர்.சி.பி.எஸ். நிறுவனம் 1943-இல் கலிபோர்னியாவின் ஓரோவில்லில் தொடங்கியது. அதே தொழிலில் உள்ள லீ நிறுவனம் 1958-இல் விஸ்கான்சினில் ஒரு வீட்டுப் பட்டறையில் தொடங்கியது. டை மரை எட்டில் ஏழு பங்கு அங்குலம் (7/8), அங்குலத்துக்கு 14 சுற்று என்று நிலைத்துவிட்டதால், இன்று வாங்கிய டை என் பழைய பிரஸ்ஸில் அப்படியே ஏறுகிறது. இப்படி ஒரு பொது அளவை எல்லாரும் விடாமல் பிடித்திருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அரசாங்கச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்குச் செய்தால் உற்பத்தியாளர் உரிமம் வேண்டும். மாநில விதிகளைத் தனியே பார்த்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று: ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கப் பொதுவாகத் தடை உண்டு. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருந்தாலும், தெரிந்த வழக்கறிஞரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். நான் குடியுரிமை வாங்கிய பிறகுதான் ரேஞ்ச் (துப்பாக்கி சுடும் இடம்) பக்கமே போனேன். இந்தியாவிலோ 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊரில் யாரும் இதைப் படித்துவிட்டு முயல வேண்டாம்.

சரி, பிரஸ்ஸுக்கு வருவோம்.

முதல் வேலை கழற்றுவது அல்ல, தேடுவது. முன்பக்கத் தட்டில் செத்த பிரைமர்கள் ஒரு கைப்பிடி கிடந்தன. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். செத்த பிரைமரின் முதுகில் துப்பாக்கியின் ஊசி அடித்த குழி இருக்கும். இரண்டில் குழி இல்லை, வழவழவென்று பளபளப்பாக இருந்தன. அவை உயிரோடு இருந்த பிரைமர்கள். மிளகு அளவு, அவ்வளவுதான். ஆனால் சுத்தியலோ தீப்பொறியோ பட்டால் கண்ணைப் பறித்துவிடும். எண்ணெயில் ஊறவைத்தால் செத்துவிடும் என்று சொல்வார்கள், அதை நம்பக் கூடாது. கண்ணாடி மாட்டிக்கொண்டு, தண்ணீர் ஊற்றிய சின்ன டப்பாவில் மெதுவாக எடுத்துப் போட்டு, உயிருள்ளவை என்று எழுதி ஒட்டி ரேஞ்சில் ஒப்படைத்தேன். அதுவரை பிரஸ்ஸைத் தொடவில்லை. நான் கராஜில் வேலை செய்யும் மேஜையில் பழுது பார்க்கும் நாளில் மருந்தோ பிரைமரோ இருக்காது, அவை வீட்டுக்குள் அலமாரியில் தனித்தனியே இருக்கும்.

அப்புறம் கழற்றினேன். நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு, ஹேண்டில், இரண்டு பக்க இணைப்புத் தகடுகள், பின்கள் என்ற வரிசையில். பின்கள் நழுவாமல் பிடிக்கும் சர்க்ளிப் வளையங்கள் துருவில் ஒட்டியிருந்ததால் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி விட்டேன். காலையில் வந்துவிட்டன. ராம் மட்டும் வரவில்லை. கீழேயிருந்து மரக்கட்டை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டத் தட்ட, கால் அங்குலம் கால் அங்குலமாக ஏறி, கடைசியில் கையோடு வந்தது.

ராமின் மேல் பாதியில் கறுப்பாக ஒரு பசை. கையுறை விரலால் தேய்த்துப் பார்த்தேன். கிரீஸ் மாதிரி வழுக்கும் என்று நினைத்தால் நெருநெருவென்றது. ஊரில் எஞ்சின் வேலை செய்கிறவர்கள் வால்வு உட்கார வைக்கத் தேய்ப்பார்களே, அந்த கிரைண்டிங் பேஸ்ட் மாதிரியே இருந்தது. யோசித்தால் அது அதுவேதான். பிரைமருக்குள் இருப்பது பெரும்பாலும் லெட் ஸ்டிஃப்னேட், பேரியம் நைட்ரேட், ஆன்டிமனி சல்ஃபைடு. எரிந்த பிறகு மிஞ்சுவது ஈயமும் கடினமான துகளும் கலந்த மாவு. ஊசி ஒவ்வொரு பிரைமரைத் தள்ளும்போதும் ஒரு சிட்டிகை மாவு ராமின் மேல் கொட்டும். யாரோ நல்ல மனதோடு ராமுக்குத் தாராளமாக கிரீஸ் பூசி வைத்திருக்கிறார்கள். கிரீஸ் மாவைப் பிடித்துக்கொண்டது, ராம் ஏறி இறங்கும்போதெல்லாம் சட்டத்தின் துளையைத் தேய்த்தது. ராமில் நீளவாக்கில் கீறல்கள், நகத்தை ஓட்டினால் தட்டுப்பட்டன. பிரஸ்ஸை அழிப்பது உழைப்பு அல்ல, இந்தக் கறுப்பு மாவுதான் என்று அங்கேயே முடிவுக்கு வந்தேன். அதன் பிறகு நான் செய்த எல்லாமே இந்த மாவை ராமிலிருந்து தள்ளி வைக்கத்தான்.

அதில் ஈயம் இருக்கிறது என்பதால் சுத்தம் செய்யும் முறையிலும் கவனம் வேண்டும். காற்றடித்து ஊதக் கூடாது, காய்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. மினரல் ஸ்பிரிட்ஸில் (பெயின்ட் கரைக்கும் திரவம்) நனைத்த துணியால் ஈரமாகவே துடைத்து எடுத்தேன். கராஜ் கதவு திறந்திருந்தது, கையுறை, கண்ணாடி, பழைய சட்டை. அழுக்குத் துணிகளை வெளியே காற்றோட்டத்தில் பிரித்துப் போட்டுக் காயவிட்டு, மூடியுள்ள தகர டப்பாவில் அடைத்து, வீட்டு அபாயக் கழிவு வாங்கும் மையத்தில் கொடுத்தேன். வேலை முடியும் வரை காபி கிடையாது. வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்கள் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். குழந்தைகளின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று 2021-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அளவைக் குறைத்தது. என் பெண்ணுக்கு அப்போது மூன்று வயது. கராஜ் செருப்பு வீட்டுக்குள் வரக் கூடாது என்ற விதி அன்றிலிருந்து இன்றுவரை இருக்கிறது.

சுத்தம் செய்த ராமைக் கீறல் மேடுகள் மட்டும் போகும்படி 600 நம்பர் உப்புத்தாளில் எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். கனம் குறையும்படி தேய்க்கவில்லை. திரும்ப மாட்டி, காந்தக் கால் உள்ள டயல் கேஜை வைத்து ஆட்டத்தை அளந்தேன். ராம் உச்சியில் இருக்கும்போது பக்கவாட்டில் ஆயிரத்தில் ஏழு அங்குலம் ஆடியது.

இந்த எண் என்னை இரண்டு வாரம் தூங்கவிடவில்லை. சட்டத்தின் துளையைப் பெரிதாக்கி வெண்கல புஷ் (உள்வளையம்) அடிக்கலாமா என்று படம் வரைந்து, பலர் சேர்ந்து பயன்படுத்தும் பட்டறையில் லேத் ஓட்டும் நண்பரிடம் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. “ஆட்டம் இருக்கு, சரி. அதனால கூட்டுல என்ன கோளாறு வந்துச்சு, அளந்தீங்களா?” என்றார்.

அளக்கவில்லை. வீட்டுக்கு வந்து, ஒரே துப்பாக்கியில் சுட்ட, தர்ட்டி ஆட் சிக்ஸ் (.30-06) என்ற ரைபிள் தோட்டாவின் 20 கூடுகளை எடுத்து எண்ணெய் பூசி டையில் ஏற்றினேன். கூட்டின் தோள், அதாவது உடல் கழுத்தாகக் குறுகும் இடம், எவ்வளவு பின்னால் தள்ளப்பட்டது என்பதுதான் முக்கியமான அளவு. அதிகம் தள்ளினால் பித்தளை ஒவ்வொரு முறையும் நீண்டு, அடியோரத்தில் மெலிந்து, கடைசியில் அறுந்துவிடும். ஆயிரத்தில் இரண்டு அங்குலம் தள்ளினால் எனக்குப் போதும். ஒன்று டையில் சிக்கியது, அதைப் பிறகு சொல்கிறேன். மீதிப் பத்தொன்பதையும் கம்பேரேட்டர் என்ற தோள் அளக்கும் கருவி வைத்து அளந்தால், அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்று. உருட்டிப் பார்த்தேன், கழுத்துக் கோணலும் எனக்குக் கவலை தரும் அளவில் இல்லை. யோசித்தால் காரணம் புரிகிறது. கூடு டைக்குள் நுழைந்ததும் அதற்கு வழிகாட்டுவது டையின் சுவர்தான், ராம் அல்ல. ஷெல் ஹோல்டரே வேண்டுமென்றே கொஞ்சம் தளர்வாகத்தான் செய்யப்பட்டிருக்கிறது, கூடு தன் நடுவைத் தானே தேடிக்கொள்ள. புஷ் யோசனையைக் கைவிட்டேன். அந்தத் துளையை நான் கோணலாகக் குடைந்திருந்தால் பிரஸ் அன்றோடு போயிருக்கும்.

மாற்ற வேண்டியதாக இருந்தது இணைப்புப் பின்தான். ஒரு பின்னில் விரல் வைத்தால் படி தெரியும்படி தேய்மானம். ஓட்டத்தின் கடைசியில் கை உணர்ந்த தளர்ச்சி அங்கிருந்துதான் வந்தது. அதே கனத்தில் டிரில் ராட் (துல்லியமான எஃகுக் கம்பி) வாங்கி, அளவுக்கு அறுத்து, சர்க்ளிப் உட்காரும் பள்ளத்தை மட்டும் நண்பரின் லேத்தில் போட்டுக்கொண்டேன். ஓரங்களில் பிசிறு எடுத்து மாட்டியதும் ஹேண்டில் கடைசி அங்குலத்திலும் கட்டியாக இருந்தது. ஷெல் ஹோல்டரைப் பிடிக்கும் வளைவுக் கம்பியும் தளர்ந்திருந்தது, புதிது போட்டேன். சில டாலர் வேலை.

அந்த அளவெடுப்பின் நடுவில் ஒரு விபத்தும் நடந்தது. பதினோராவது கூட்டுக்கு எண்ணெய் சரியாகப் படவில்லை. டைக்குள் ஏறியது, இறங்கவில்லை. பொறுமையாக யோசித்திருக்க வேண்டும், நான் ஹேண்டிலில் பலம் காட்டினேன். டக் என்று ஒரு சத்தம், ஷெல் ஹோல்டர் கூட்டின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு கீழே வந்துவிட்டது. கூடு டைக்குள்ளேயே. இதை எடுக்கும் வழி பழசு, ஆனால் வரிசை மாறக் கூடாது. முதலில் ஊசித் தண்டை எவ்வளவு முடியுமோ அவ்வளவு மேலே திருகி விலக்க வேண்டும், இல்லாவிட்டால் டிரில் பிட் அதில் இடிக்கும். அப்புறம் பிரைமர் குழி வழியாக ஏழாம் நம்பர் டிரில் பிட்டால் துளையிட்டு, கால் அங்குலம், அங்குலத்துக்கு இருபது சுற்று மரை வெட்டும் டேப் ஓட்டி, டையின் அடியில் ஒரு பெரிய சாக்கெட்டை இடைவெளிக்கு வைத்து, வாஷர் போட்டு போல்ட்டை இறுக்கினேன். போல்ட் சுற்றச் சுற்றக் கூடு மெல்ல இறங்கி, ஒரு சின்ன ‘பொக்’ சத்தத்தோடு வெளியே வந்தது. டையில் கீறல் இல்லை. அன்றிலிருந்து லானோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) ஒரு பங்கு, 99 சதவீத ஐசோபிரொபைல் ஆல்கஹால் பன்னிரண்டு பங்கு என்று நானே கலந்து தெளிக்கிறேன். ஆல்கஹால் காய ஐந்து நிமிடம் விட வேண்டும், அதுதான் அன்று நான் விடாத ஐந்து நிமிடம். தோளில் எண்ணெய் தேங்கினால் அங்கே குழி விழும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி மாவு. பிரஸ்ஸோடு வந்த தட்டு பத்தில் ஏழு பிரைமரைத்தான் பிடித்தது, மீதி தரையில். முதலில் ஒரு தயிர் டப்பாவை வெட்டி டேப் போட்டு ஒட்டினேன். பிரைமரைப் பிடித்தது, மாவைப் பிடிக்கவில்லை. அடுத்து முப்பரிமாண அச்சில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் ஒரு கூண்டு. ஆகஸ்ட் மாதம் ஹூஸ்டன் கராஜில், மதிய வெயில் நேரே விழும் மேற்குச் சன்னலை ஒட்டி அது நெளிந்துபோனது. பி.இ.டி.ஜி. பிளாஸ்டிக்கில் மறுபடி அச்சிட்டேன், அது சூட்டைத் தாங்கியது. கூண்டின் முதுகில் நான்கு சின்ன நியோடிமியம் காந்தங்களை எபாக்ஸியில் பதித்தேன். வார்ப்பிரும்பில் கப்பென்று பிடித்துக்கொள்ளும், கொட்டும்போது ஒரு இழுப்பில் வரும். பிரஸ்ஸில் ஒரு துளைகூடப் போடவில்லை. சிலர் ராமையே குடைந்து பிரைமர் உள்வழியாக இறங்கும்படி செய்கிறார்கள். அப்படியே தயாரிக்கப்படும் பிரஸ்களும் உண்டு, அருமையான அமைப்பு. ஆனால் அதற்கென்று வார்க்காத பழைய ராமில், கை டிரில்லோடு, நான் அதைச் செய்ய மாட்டேன்.

கூண்டுக்குப் பிறகு தரை சுத்தமானது. ராம்? இருநூறு கூடு முடிந்து வெள்ளைத் துணியால் துடைத்தால் இன்னும் சாம்பல் கோடு. சட்டத்தின் மேல்வாயில் ஃபெல்ட் வளையம் வைத்துப் பார்த்தேன். அது மாவைத் தடுத்தது உண்மை, ஆனால் தடுத்த மாவைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ராமின் மேல் உரசியது. நூறு கூட்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும் போலத் தெரிந்ததால் எடுத்துவிட்டேன்.

விடை வெகு எளிமையாக இருந்தது. பிரைமரைத் தள்ளும் வேலையையே இந்தப் பிரஸ்ஸிலிருந்து பிரித்துவிட்டேன். சிறிய அலுமினியப் பிரஸ் ஒன்றை வாங்கி, அளவைத் தொடாமல் பிரைமரை மட்டும் தள்ளும் பொது டை ஒன்றை அதில் மாட்டினேன். அந்த வேலைக்குப் பலமே தேவையில்லை, சின்னப் பிரஸ் போதும். காந்தம் அலுமினியத்தில் ஒட்டாது என்பதால் கூண்டை இரண்டு திருகில் அங்கே மாற்றினேன். ரேஞ்சிலிருந்து வந்த கூடுகள் முதலில் அங்கே போகும், பிரைமர் வெளியேறும், அப்புறம் எஃகு ஊசிகளும் சோப்புத் தண்ணீரும் போட்ட டிரம்மில் இரண்டு மணி நேரம் உருளும். பிரைமர் குழிகூடப் புதுப் பாத்திரம் மாதிரி மின்னும். அந்தத் தண்ணீரிலும் ஈயம் உண்டு, தோட்டத்தில் ஊற்றக் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகுதான் கூடுகள் பெரிய பிரஸ்ஸுக்கு வரும். ஒரு ஓட்டம் கூடுதல், ஒரு மாலை கூடுதல் வேலை. ஆனால் கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் பிரஸ்ஸில் மாவுக்கு வழியே இல்லை.

பெஞ்சைப் பற்றி இரண்டு வரி. ஹேண்டிலை இறக்கும்போது பெஞ்ச் நிமிர்ந்தால் பாதி பலம் மரத்துக்குப் போகிறது. மூன்று அடுக்கு பிளைவுட்டை ஒட்டி, மேலும் கீழும் கால் அங்குலத் தகடு வைத்து, மரத் திருகு இல்லாமல் முழுக்க ஊடுருவும் போல்ட்டால் பிடித்து, பின்கால்களைச் சுவர்க் கட்டைகளோடு கட்டிவிட்டேன். இப்போது அசைவதில்லை.

எண்ணெய் விஷயத்தில் என் கருத்து பலருடையதோடு ஒத்துப்போகாது. ராமுக்கு கிரீஸ் கூடவே கூடாது. மெல்லிய மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, ஹேண்டிலை நாலு முறை ஓட்டி, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். கிரீஸ் பின்களுக்கு மட்டும், அதுவும் மூடியிருக்கும் இடத்தில். ஹூஸ்டன் ஈரக்காற்று சென்னையை விடக் குறைந்ததில்லை. வேலை இல்லாத மாதங்களில் ராமை மேலே ஏற்றி, எண்ணெய் நனைத்த துணி சுற்றி, பழைய தலையணை உறை போட்டு மூடி வைக்கிறேன். எண்ணெய்க் கையோடு புதுப் பிரைமரைத் தொடுவதில்லை, பிரைமரும் ஈரமும் எண்ணெயும் சேரக் கூடாது. எண்ணெய் போடும் நாள் வேறு, பிரைமர் வைக்கும் நாள் வேறு.

போன சனிக்கிழமை, புது ஏற்பாட்டில் அறுநூறாவது கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து முடித்தேன். ராமை மேலே ஏற்றி வெள்ளைத் துணியால் சுற்றிப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். துணியில் எண்ணெய் ஈரம் மட்டும், கறுப்பு இல்லை. டயல் கேஜையும் வைத்தேன், அதே ஏழு. அடுத்த வாரம் சட்டத்தின் உரிந்த பெயின்டைச் சுரண்டி, துருத் தடுப்பு அடிப்பூச்சு அடித்து வைக்கப் போகிறேன், மழைக்காலம் வருவதற்குள்.